4294967297 (எண்)

4294967297 என்பது 4294967296-ஐ அடுத்தும் 4294967298-க்கு முன்பும் வரும் இயல் எண் ஆகும். இது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று படிக்கப்படும். இதன் மதிப்பு 2³² + 1.

இந்த எண் கணித வரலாற்றில் ஒரு கருதுகோளை வீழ்த்திய எண்ணாக அறியப்படுகிறது. பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா 1640-ஆம் ஆண்டில் இதைப் பகா எண் என்று கருதினார். லியோனார்டு ஆய்லர் 1732-ஆம் ஆண்டில் இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார்.

4294967297 = 641 × 6700417

அடிப்படைப் பண்புகள்

• இது பத்து இலக்கங்கள் கொண்ட ஒற்றை எண். இலக்கங்களின் கூடுதல் 59. ஆகவே இது 3-ஆலும் 9-ஆலும் வகுபடாது.

• இது பகு எண். இரண்டே பகா எண்களின் பெருக்கற்பலனாக இருப்பதால் அரைப்பகாத்தனி என்ற வகையில் சேரும். அந்த இரு பகா எண்களும் வெவ்வேறானவை என்பதால் இது வர்க்கக் காரணியற்ற எண்ணும் ஆகும்.

• இதன் வகுஎண்கள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. இவற்றின் கூடுதல் 4301668356.

• தன்னைத் தவிர்த்த பிற வகுஎண்களின் கூடுதல் 6701059 மட்டுமே. இது அந்த எண்ணைவிடச் சிறியது என்பதால் 4294967297 ஒரு குறைவெண்.

• இதைவிடச் சிறியனவாகவும் இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதனவாகவும் உள்ள இயல் எண்களின் எண்ணிக்கை 640 × 6700416 = 4288266240. இது ஆய்லர் சார்பின் மதிப்பு எனப்படும்.

• இரும எண்முறையில் இது 33 இலக்கங்கள் கொண்டது. முதலிலும் முடிவிலும் 1, இடையில் 31 சுழியங்கள். எனவே இரும எண்முறையில் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும்.

ஃபெர்மாவின் கருதுகோள்

2-ஐத் தன்னாலேயே பெருக்கினால் 4, அதைத் தன்னாலேயே பெருக்கினால் 16, பிறகு 256, 65536, 4294967296 என்று எண்கள் விரைந்து வளரும். இவ்வெண்கள் ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். பொதுவாக, 'க' என்பது 0, 1, 2, 3, … என்னும் எண்களில் ஒன்றானால் ஃபெர்மா எண்ணின் வடிவம் 2^(2^க) + 1 ஆகும்.

க = 0 எனில் 3
க = 1 எனில் 5
க = 2 எனில் 17
க = 3 எனில் 257
க = 4 எனில் 65537
க = 5 எனில் 4294967297

இவற்றில் முதல் ஐந்தும் பகா எண்கள். இதைக் கண்ட ஃபெர்மா, இந்த வடிவத்தில் உள்ள எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக 1640-இல் ஃபிரெனிக்கிள் என்பவருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 65537-இன் வர்க்கமூலம் 256-ஐச் சற்றே தாண்டும். ஆகவே அதைச் சோதிக்கச் சில பத்து வகுத்தல்கள் போதும். 4294967297-இன் வர்க்கமூலமோ 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. 65536-க்குக் கீழ் 6542 பகா எண்கள் உள்ளன. எல்லாவற்றையும் கையால் வகுத்துப் பார்ப்பது பெரும் உழைப்பு. ஆனால் 641 என்பது பகா எண் வரிசையில் 116-ஆவது எண்தான். 3-இல் தொடங்கி வரிசையாக வகுத்துக்கொண்டு போயிருந்தால் 115-ஆவது வகுத்தலிலேயே விடை வந்திருக்கும்.

ஆய்லரின் காரணிப்படுத்தல்

1729 டிசம்பரில் கிறிஸ்டியான் கோல்ட்பாக், ஃபெர்மாவின் இந்தக் கூற்றைக் குறித்து ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அப்போது ஆய்லர் உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற்கழகத்தில் பணியாற்றிவந்தார். 1732-இல், தமது 25-ஆம் வயதில், 641 என்ற காரணியை அவர் அறிவித்தார். அதை எந்த வழியில் கண்டார் என்பதற்கான விளக்கம் பின்னர் அவர் எழுதிய கட்டுரையில் கிடைக்கிறது. அவர் எல்லாப் பகா எண்களையும் சோதிக்கவில்லை. எந்தெந்தப் பகா எண்கள் காரணியாக இருக்க முடியும் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டார்.

அதற்கு அடிப்படை, ஃபெர்மாவின் சிறிய தேற்றம். 'ப' என்பது 2 அல்லாத ஒரு பகா எண் எனில், 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பது அத்தேற்றத்தின் ஒரு பகுதி.

முதலில் ஒரு சிறிய எடுத்துக்காட்டு. 2-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் வரிசையாக 2, 4, 8, 16, 15, 13, 9, 1. அதன் பிறகு மீண்டும் 2, 4, 8 என்று தொடங்கும். சுழற்சியின் நீளம் 8. 17 − 1 = 16 என்பது 8-இன் மடங்காக இருப்பதைக் கவனிக்கலாம்.

இதையே 2³² + 1-க்குப் பொருத்தலாம்.

1. ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று கொள்க. அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது ப − 1).

2. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. எனவே சுழற்சியின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும்.

3. 64-இன் வகுஎண்கள் 1, 2, 4, 8, 16, 32, 64. இவற்றில் 64 தவிர மற்றவை எல்லாம் 32-ஐயும் வகுக்கும். சுழற்சியின் நீளம் அவற்றில் ஒன்றாக இருந்தால் 2³²-இன் மீதியும் 1 ஆகிவிடும். ஆனால் அது −1. ஆகவே சுழற்சியின் நீளம் சரியாக 64.

4. சிறிய தேற்றத்தின்படி (ப − 1)-ஆம் அடுக்கிலும் மீதி 1. எனவே ப − 1 என்பது 64-இன் மடங்கு.

ஆகவே 4294967297-இன் ஒவ்வொரு பகாக் காரணியும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641, … என்று செல்லும். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது சோதனையில் விடை கிடைத்துவிடுகிறது.

1878-இல் எதுவார் லூக்கா இந்த நிபந்தனையை மேலும் இறுக்கினார். அவர் காட்டியபடி, காரணிகள் 128-ஆல் வகுக்கும்போதே மீதி 1 தர வேண்டும். அப்போது 641-க்கு முன்பு எஞ்சும் பகா எண் 257 ஒன்றே. உண்மையில் 641 = 5 × 128 + 1; 6700417 = 52347 × 128 + 1.

ஃபெர்மாவின் கூற்றை வீழ்த்த ஆய்லர் பயன்படுத்திய கருவி ஃபெர்மாவே தந்த தேற்றம். அதே 1640-இல் ஃபெர்மா இத்தகைய முறையைக் கொண்டு 2³⁷ − 1 என்ற எண் 223-ஆல் வகுபடும் என்று கண்டிருந்தார். அந்த முறையை இந்த எண்ணின்மேல் சரியாகச் செலுத்தியிருந்தால் 641 அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

641 வகுக்கும் என்பதற்கான எளிய நிறுவல்

நீண்ட வகுத்தல் எதுவும் செய்யாமலேயே 641 ஒரு காரணி என்று காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுத முடியும் என்பதே இதன் திறவுகோல்.

641 = 5 × 2⁷ + 1 (640 + 1)
641 = 5⁴ + 2⁴ (625 + 16)

இரண்டாவது வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும். இது 641-இன் மடங்கு.

அடுத்து, 5 × 2⁷ = 640 என்பதால் 5⁴ × 2²⁸ = 640⁴. மேலும் 640⁴ − 1 = (640 + 1)(640 − 1)(640² + 1). எனவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641-இன் மடங்கு.

641-இன் இரு மடங்குகளின் வித்தியாசமும் 641-இன் மடங்கே. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 5⁴ × 2²⁸ நீங்கி, 2³² + 1 எஞ்சுகிறது. ஆகவே 641 அதை வகுக்கும்.

6700417 பகா எண்ணா?

641-ஆல் வகுத்தபின் கிடைக்கும் ஈவு 6700417. இது மேலும் பிரியுமா என்றும் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். இதன் பகாக் காரணிகள் மூல எண்ணின் காரணிகளும் ஆகும் என்பதால், லூக்காவின் நிபந்தனை இங்கும் பொருந்தும். 128-ஆல் வகுக்க மீதி 1 தருபவையும் 2588-க்கு உட்பட்டவையுமான பகா எண்கள் ஐந்தே.

257-ஆல் வகுத்தால் மீதி 170
641-ஆல் வகுத்தால் மீதி 44
769-ஆல் வகுத்தால் மீதி 120
1153-ஆல் வகுத்தால் மீதி 334
1409-ஆல் வகுத்தால் மீதி 622

எதிலும் மீதி 0 வரவில்லை. ஆகவே 6700417 பகா எண். ஐந்து வகுத்தல்களில் இந்த முடிவுக்கு வர முடிவது மேற்கண்ட நிபந்தனையின் வலிமையைக் காட்டுகிறது.

இரு வர்க்கங்களின் கூடுதல்

4-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 4294967297-ஐ இரண்டு விதங்களில் எழுதலாம்.

4294967297 = 65536² + 1²
4294967297 = 62264² + 20449²

இரண்டு விதங்கள் இருப்பதே இது பகா எண் அல்ல என்பதற்குச் சான்று. அது மட்டுமல்ல, காரணியையும் இவற்றிலிருந்து பெறலாம்.

இரட்டை எண்களின் வித்தியாசம் 65536 − 62264 = 3272; ஒற்றை எண்களின் வித்தியாசம் 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. இரட்டை எண்களின் கூடுதல் 127800. ஒற்றை எண்களின் கூடுதல் 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. 8, 50 ஆகியவற்றின் பாதிகளான 4, 25 ஆகியவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16 + 625 = 641.

இந்த முறையையும் வளர்த்தவர் ஆய்லர்தான். எனினும் இரண்டாவது விதத்தைக் கண்டுபிடிப்பதற்கே நிறையக் கணக்கிட வேண்டியிருக்கும்.

போலிப் பகா எண்

சிறிய தேற்றத்தைத் திருப்பிப் பயன்படுத்தி, 'மீதி 1 வந்தால் அது பகா எண்' என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 4294967297 ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

2⁶⁴-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 என்று மேலே கண்டோம். இந்த எண்ணில் 1-ஐக் குறைத்தால் வரும் 4294967296 ஆனது 64-இன் மடங்கு. எனவே 2-இன் 4294967296-ஆம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும். பகா எண் அல்லாதது பகா எண்ணைப் போலவே நடந்துகொள்கிறது. இத்தகையவை 2-ஐ அடிமானமாகக் கொண்ட போலிப் பகா எண்கள் எனப்படும். இவ்வகையில் மிகச் சிறியது 341 (= 11 × 31).

2-க்குப் பதிலாக 3-ஐ எடுத்துக்கொண்டால் போலி வெளிப்பட்டுவிடும். 1877-இல் பெப்பான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர், 3-க்கு மேற்பட்ட ஃபெர்மா எண்களுக்கான சோதனை ஒன்றைத் தந்தார். அதன்படி, 4294967297 பகா எண்ணாக இருந்தால் 3-இன் 2147483648-ஆம் அடுக்கை அதனால் வகுக்கும்போது மீதி 4294967296 ஆக இருக்க வேண்டும். உண்மையில் வரும் மீதி 10324303. வர்க்கப்படுத்தும் செயலை 31 முறை செய்தாலே இந்த மீதியைப் பெறலாம். காரணி எது என்று தெரியாமலேயே ஓர் எண் பகு எண் என்று காட்ட இந்தச் சோதனை உதவுகிறது.

முந்தைய ஃபெர்மா எண்களுடன் தொடர்பு

முதல் ஐந்து ஃபெர்மா எண்களையும் பெருக்கினால்,

3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295

இது 4294967297-ஐவிடச் சரியாக 2 குறைவு. இது தற்செயல் அல்ல. (2 − 1)(2 + 1) = 2² − 1; அதை (2² + 1)-ஆல் பெருக்கினால் 2⁴ − 1; இவ்வாறே தொடர்ந்தால் 2³² − 1 வரும்.

எனவே 4294967297-ஐ 3, 5, 17, 257, 65537 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 2 தான். ஃபெர்மா எண்களில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்காது என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கும் இது ஒரு நிறுவலாகும். முடிவில்லாத ஃபெர்மா எண்கள் ஒவ்வொன்றும் மற்றதற்கில்லாத புதிய பகாக் காரணியைக் கொண்டுவருகின்றன.

ஒழுங்குப் பல்கோணங்கள்

1796-இல் கார்ல் பிரீடிரிக் காஸ், கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பல்கோணத்தை வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அவ்வாறு வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருக்க வேண்டும். இந்த நிபந்தனை போதுமானது என்பதைக் காஸும், கட்டாயமானது என்பதை 1837-இல் பியேர் வான்ட்செலும் நிறுவினர்.

இன்று அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தே. எனவே வரையக்கூடியவை என்று அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்கப் பல்கோணங்கள் 31. அவற்றுள் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டது. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் 31 என்ற எண்ணிக்கை 63 ஆக உயர்ந்திருக்கும். 641 என்ற காரணி அந்த வாய்ப்பை நீக்கிவிட்டது.

கணினியியலில்

32 இருமங்கள் கொண்ட குறியற்ற முழு எண்ணில் 0 முதல் 4294967295 வரையான மதிப்புகளைச் சேமிக்கலாம். மொத்த மதிப்புகள் 4294967296. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் அமையக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கையும் இதுவே.

4294967297-ஐச் சேமிக்க 33 இருமங்கள் தேவை. 32 இரும இடத்தில் அதை வைத்தால் மேல் இருமம் விழுந்து 1 மட்டுமே எஞ்சும். ஆகவே 32 இருமக் கணக்கீட்டில் 641 × 6700417-இன் விடை 1. அதாவது அங்கே இவ்விரு எண்களும் ஒன்றுக்கொன்று பெருக்கல் நேர்மாறுகளாக அமைகின்றன.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று வைத்துக்கொண்டு போகும் பழைய கணக்கிலும் இந்த எண்ணின் அண்டை எண்கள் வருகின்றன. பாதிப் பலகையான 32 கட்டங்களில் உள்ள மணிகள் மொத்தம் 4294967295. 33-ஆம் கட்டத்தில் மட்டும் 4294967296.

மனக்கணக்கில்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1804-இல் பிறந்த செரா கோல்பர்ன் என்ற சிறுவன், சிறு வயதிலேயே மனக்கணக்கில் பெயர்பெற்று இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். 1812-இல் அங்கு அவனிடம் இந்த எண்ணைக் கொடுத்தபோது, எழுதிப் பாராமலேயே அதன் காரணிகளைக் கண்டு சொன்னதாக அக்காலப் பதிவு கூறுகிறது.

அடுத்துவரும் ஃபெர்மா எண்கள்

4294967297-க்கு அடுத்த ஃபெர்மா எண் 2⁶⁴ + 1 = 18446744073709551617. இதுவும் பகு எண். 274177 × 67280421310721 என்று பிரியும். அதற்கடுத்த 2¹²⁸ + 1 என்ற எண்ணை முழுமையாகக் காரணிப்படுத்த 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைக்கேல் மாரிசனும் ஜான் பிரில்கார்ட்டும் அதைச் செய்தனர்.

க = 5 முதல் க = 32 வரையான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று காட்டப்பட்டுள்ளன. எல்லாமே பகா எண்கள் என்று கருதப்பட்ட வரிசையில், 65537-க்குப் பிறகு இதுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. அதற்காக 65537-க்குப் பிறகு வருபவை எல்லாம் பகு எண்களே என்றும் முடிவுகட்டிவிட முடியாது. அதற்கும் நிறுவல் இல்லை. ஐந்து எடுத்துக்காட்டுகள் ஒத்துவந்தது ஃபெர்மாவின் கூற்றுக்கு நிறுவல் ஆகாதது போலவே, இருபத்தெட்டு எடுத்துக்காட்டுகள் ஒத்துவருவதும் எதிர்க்கூற்றுக்கு நிறுவல் ஆகாது. ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்து மட்டும்தானா என்பது எண் கோட்பாட்டில் இன்றும் விடை காணப்படாத கேள்வியாகும்.